மல்லாட்டை முளைக்காத ஒரு ஏக்கர்

ஜவ்வாது மலைப் பக்கம் போகிறேன் என்றதும் அருவி பார்க்கவா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். நான் போனது மூடிய ஒரு குழியைப் பார்க்க. சுரங்கத் திட்டம் போட்டுக் கொடுக்கும் சின்ன அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. ஓடையோர நிலத்தில் சரளை எடுக்க எங்கே தோண்டுவது, எவ்வளவு ஆழம், எடுத்த பிறகு எப்படி மூடித் திருப்பிக் கொடுப்பது, எல்லாம் என் மேஜையில் காகிதமாகத் தயாராகும். நிலத்தை நேரில் பார்ப்பது அபூர்வம்.

மலையடிவாரத்தில் செசிலி அக்கா என்ற விவசாயியின் ஒரு ஏக்கரில், என் பிளான்படி சரளை எடுத்து, குழியை மூடி ஒரு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு இரண்டு தடவை மல்லாட்டை போட்டிருக்கிறார். ஊரெல்லாம் வேர்க்கடலை என்று சொல்லும் அதே பயிர்தான். இரண்டு தடவையும் முளைக்கவில்லை. இந்த லட்சணத்தில், சரளை எடுத்தவர் பக்கத்திலிருக்கும் அக்காவின் மேல் கொல்லையையும், அதாவது மேட்டுப் புன்செயையும், கேட்கிறார். பிளான் போட்டவர் வந்து பார்க்கட்டும், அப்புறம் கையெழுத்து என்று அக்கா சொல்லிவிட்டார். ஆடி மாதத்து ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

திருவண்ணாமலையில் காலை 6.20க்குப் பஸ், கலசப்பாக்கத்துக்கு 22 ரூபாய். அங்கிருந்து அடிவாரம் 14 கிலோமீட்டர். ஆட்டோக்காரர் பாஷா பாய், காத்திருந்து திரும்பக் கொண்டுவிட 600 கேட்டார்.

"மூடின குழில இன்னா சார் பாக்கப் போறீங்க? தெறந்த குழியா இருந்தாலும் பரவால்ல" என்றார்.

8.15க்கு நிலத்தில் இருந்தோம். பார்த்ததும் குழம்பிப்போனேன். நிலம் முழுக்க முட்டை முட்டையாக உருண்டைக் கற்கள். சரளையைச் சலித்தபின் மிஞ்சும் கழிவுக் கற்கள் அவை, குழியின் அடியில் கிடக்க வேண்டியவை. தோண்டும்போது முதலில் வழித்தெடுத்து ஓரமாகக் குவித்துவைத்த ஒன்றரை அடி மேல்மண்ணைக் காணவே இல்லை.

"லாரில ஏத்தி வித்துட்டிருப்பானுங்க" என்றார் பாஷா பாய்.

செசிலி அக்கா தலையை ஆட்டினார். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் சிலுவை போட்ட கறுப்புக் கயிறு. "ஒரு கூடை மண்ணு வெளிய போல சார். மாட்டக் கட்டிக்கினு நான் இங்கயேதான் நின்னுக்கினு இருந்தேன்."

நாலு மூலையும் அளந்தேன். மட்டம், சரிவு, எல்லாம் வரைபடத்தில் இருந்தபடியே. மண் திருடு போயிருந்தால் நிலம் ஒன்றரை அடி தாழ்ந்திருக்க வேண்டுமே! தாழவில்லை. போகவும் இல்லை, இருக்கவும் இல்லை என்றால் மண் எங்கேதான் போனது? கடப்பாரையால் இரண்டு அடி குத்தினோம், கல்தான். டேப்பைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக ஒரு மணி நேரம் ஓடிவிட்டது.

கடைசியில், முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். "எப்படி மூடினாங்க அக்கா?"

"மொதல்ல அந்தக் கருப்பு மண்ணத்தான் தள்ளனானுங்க. அப்புறம் களிமண்ணு. கல்லு கடசியா. இன்னாடா இது தலகீழா கீதுன்னு நானும் கேட்டேன். சூப்பர்வைசரு கையில பேப்பர் வச்சுக்கினு, ஒன்னு ரெண்டு மூணுன்னு வெரல வச்சுக் காட்டனான்."

பையிலிருந்து என் நகலை எடுத்தேன். 1. மேல்மண். 2. களிமண். 3. கழிவுக் கற்கள். நிலத்தில் மேலிருந்து கீழே எப்படி இருக்கிறதோ அப்படி எழுதியிருந்தேன். அதன் அடியிலேயே, "குழியை மேற்கண்ட வரிசைப்படி நிரப்பவும்". ஒரு வரி பிசகாமல் நான் எழுதியதைத்தான் செய்திருக்கிறார்கள்.

"இது நான் எழுதினது அக்கா."

"எந்த மண்ணு மேல இருக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியும்."

"அப்புறம் இன்னா?"

மண் இருக்கும் வரிசையை எழுதி, அதையே நிரப்பும் வரிசை என்று போட்டுவிட்டேன் என்றேன். அவமானமாக இருந்தது. அடுத்து அவர் கேட்டது அதைவிடக் கஷ்டம். மேல் கொல்லையைக் கொடுத்தால் அதன் மேல்மண்ணை எடுத்து இந்த நிலத்தில் பரப்பித் தருகிறோம் என்கிறார்களாம், சரியா? இது பிழைக்கும், அது மொட்டையாகும். எனக்குத் தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன். அக்காவுக்குக் குழப்பமே இல்லை. "எம்மண்ணு உள்ளதான கீது? அத மேல கொண்டாந்து போடட்டும். மல்லாட்ட மொளச்ச பெறவு வரச் சொல்லுங்க."

11.30க்கு ஆட்டோவில் ஏறினேன். அடிவாரத்தில் சிக்னல் கிடைக்காது, அவசர வேலையை முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள். மூடிய நிலம் பார்க்கப் போகிறவர்கள் தண்ணீரும் தொப்பியும் கொண்டுபோங்கள், நிழல் இல்லை. கடப்பாரையை அங்கேயே இரவல் வாங்கிக்கொள்ளலாம். டேப்பை விரிக்கும் முன், மூடும்போது பக்கத்தில் நின்றவர் யார் என்று விசாரியுங்கள். நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறவர்கள் எந்த மண் முதலில் உள்ளே போகும், எது கடைசி என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் குறித்துக்கொண்டே வந்தபோதுதான் சுரீரென்று உறைத்தது. அதே அட்டவணையைச் செங்கம் பக்கத்துக் குழி ஒன்றுக்கும் கொடுத்திருந்தேன். கலசப்பாக்கம் நெருங்கும்வரை போனில் ஒரு கோடுகூட ஏறவில்லை. ஏறியதும் செங்கம் குழியின் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, மூட ஆரம்பித்துவிட்டீர்களா என்றேன்.

"திங்கக்கிழம ஆரம்பிக்கிறோம் சார். பேப்பர்ல இருக்கறபடி மொதல்ல மேல்மண்ணு."

"அத அப்படியே வைங்க. பேப்பரக் கிழிச்சுடுங்க. நான் வர்றேன்."

ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, செங்கத்துக்கு எவ்வளவு என்று பாஷா பாயிடம் கேட்டேன்.