டின் அடித்த மதியம்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசைக்குப் பன்னிரண்டு வீடு. பகலில் ஆண்கள் பட்டறைக்குப் போய்விடுவார்கள். காவல் எங்கள் பொறுப்பு. ஒவ்வொரு வீட்டுப் பின்கதவிலும் காலி மண்ணெண்ணெய் டின் ஒன்று தொங்கும். திருடனைக் கண்டவள் தன் டின்னை அடிப்பாள். கேட்டவள் தன்னுடையதை அடிப்பாள். அடுப்பில் எது இருந்தாலும் இறக்கிவைத்துவிட்டு, கையில் கிடைத்ததோடு ஓடிவர வேண்டும். வராதவள் வீட்டுக்குத் திருடன் வந்தால் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். முதலில் டின் அடித்த வீட்டைத்தான் முதலில் சோதனை போடுவார்கள்.

எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். ஒருநாள் மதியம் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது, பின் ஜன்னல் வழியாக இரண்டு கால்கள் உள்ளே இறங்கின. டின்னை நொறுக்கிவிட்டேன்.

"அடிக்காத, நான்தான்," என்றது கால்களுக்குப் பின்னால் வந்த முகம். என் வீட்டுக்காரர். "உன்னப் பாக்கணும் போல இருந்துச்சு."

காலையில்தான் பார்த்துவிட்டுப் போனவர். எனக்குக் கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது, எல்லாவற்றையும் விடப் பயம் வந்தது. வேலை நேரத்தில் நழுவியதற்காக மண்டோர், அதாவது பட்டறை மேஸ்திரி, அவரை ஏற்கெனவே ஒருமுறை பிடித்திருந்தார். இன்னொரு முறை என்றால் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். வேலை போனால் வீடும் போகும். அந்த மண்டோரின் மனைவிதான் விறகுக்கட்டையோடு முதலில் வந்து நின்றாள்.

"எங்கடி அவன்?"

உள்ளே விட்டால் தொலைந்தேன். "ஆத்துப் பக்கம் ஓடிட்டான்க்கா," என்றேன். வாய் கூசவில்லை.

பதினொரு பெண்களும் விளக்குமாறும் அகப்பையுமாக ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன், ஓடாவிட்டால் சந்தேகம் வரும். வழியெல்லாம் நான்தான் அதிகமாகக் கத்தினேன்.

கரையில் மரத்தடியில் ஒருவன் தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். ஓடிக் களைத்துப் பதுங்கியிருக்கிறான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். யாரோ ஒரு பாவம் என் பொய்யால் அடிபடப்போகிறான். "இவன் இல்லக்கா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் விறகுக்கட்டை இறங்கிவிட்டது. பின்னாலேயே விளக்குமாறுகள்.

துண்டு விலகியது. மண்டோர்.

பட்டறையில் இருக்கவேண்டிய நேரத்தில் அவர் அங்கே வந்து தூங்கியிருக்கிறார். அவர் மனைவி விறகுக்கட்டையை மெல்ல என் கையில் திணித்தாள்.

மாலையில் மண்டோர் எங்கள் வீட்டுக்கு வந்தார். முதுகை நிமிர்த்த முடியாமல் முக்காலியில் உட்கார்ந்தார்.

"திருடன் மூஞ்சியப் பாத்தியா தங்கச்சி?"

"இல்லண்ணே. காலு மட்டும்தான்."

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரின் காலைப் பார்த்தார். ஜன்னல் கட்டை உரசி, முழங்காலுக்குக் கீழே தோல் வழன்றிருந்தது. மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடக்கூட அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. மண்டோர் வெகுநேரம் அந்தக் காலையே பார்த்தார்.

"மஞ்சப் பத்து போடு தம்பி," என்றார். "எனக்கும் அதான் போட்டிருக்கு."