பெரும்பாறையின் ட்ரூயிட்

சின்னக்கருப்பனின் தொழில் புல்லுருவி வெட்டுவது. நிழல் மரத்திலும் ஆரஞ்சு மரத்திலும் ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கும் அந்தச் செடியை, பெரும்பாறைக் காப்பித் தோட்டங்களில் முப்பது வருடமாக வெட்டுகிறார். செடியை மட்டும் கிள்ளினால் மறுபடி துளிர்க்கும். அதனால் அது ஒட்டிய இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, கிளையோடு தறித்துவிடுவார். அவர் ஏறி இறங்கிய மரத்தில் யாரும் இரண்டாம் முறை ஏற வேண்டியதில்லை.

ஹரிகிருஷ்ணன் அங்கே ரிசார்ட் கட்டியதும் இந்தத் தொழிலுக்கு இரண்டாயிரம் வருடப் பெருமை வந்து சேர்ந்தது.

"ஐரோப்பாவுல கெல்ட்டுன்னு ஒரு ஜனங்க இருந்தாங்கண்ணே. அவங்க பூசாரி பேரு ட்ரூயிட். வெள்ளை அங்கி போட்டு, தங்க அரிவாளோட ஓக் மரத்துல ஏறி புல்லுருவி வெட்டுவாரு. அது அவங்களுக்குத் தெய்வ மருந்து. இனிமே நீங்கதான் நம்ம ட்ரூயிட்."

"புல்லுருவியவா கும்பிட்டாங்க?"

"ஆமாண்ணே."

"அப்ப தோட்டந்தொரவு இல்லாத ஆளுக போல."

சனிக்கிழமைதோறும் சடங்கு. ஓக் மரத்துக்குப் பதில் தோட்டத்து நிழல் மரமான சில்வர் ஓக். பெயரில் ஓக் இருக்கிறது, போதாதா? தங்கத்துக்கு மஞ்சள் பெயிண்ட். ட்ரூயிட்டுகள் இருபது வருடம் மனப்பாடம் செய்த மந்திரத்துக்கு, சின்னக்கருப்பனுக்குத் தெரிந்த பஸ் வழித்தடம். "சித்தரேவு... பெரும்பாறை... தடியன்குடிசை... தாண்டிக்குடி..." என்று அவர் இழுக்க, கோயம்புத்தூர் விருந்தினர்கள் கண்மூடிச் சிலிர்த்தார்கள். பிறகு விருந்து. கெல்ட் விருந்தில் பன்றித் தொடையின் முதல் துண்டு மாவீரனுக்கு, அதற்காக வாளெடுப்பார்களாம். இங்கே பாதிப்பேர் சைவம். முதல் பன்னீர்த் துண்டை யார் படம் எடுப்பது என்பதில்தான் தகராறு.

ஒரே நிபந்தனை: ஒரு கொத்து மட்டும் வெட்ட வேண்டும், மிச்சத்தை அடுத்த வாரங்களுக்கு வளரவிட வேண்டும். வளர்ந்தது. பழுத்தது. குருவிகள் பழத்தைத் தின்று, வேலியைத் தாண்டிக் கீழே போய் விதையோடு எச்சமிட்டன. அங்கேதான் சின்னக்கருப்பனின் நாற்பது ஆரஞ்சு மரங்கள் நின்றன.

அவர் மனைவி காளியாயிதான் முதலில் பார்த்தார். "ஏய்யா, ஊரு மரத்துக்கெல்லாம் சுத்தம் பாத்த மனுசன், நம்ம சொத்துலயே மூணு மரத்துல புல்லுருவிய வெதைச்சு வச்சிருக்க. மாசச் சம்பளத்துக்கு மரத்தைக் காவு குடுக்கப் போறியா?"

"அங்க மிச்சத்த மொதலாளி வெட்டக் கூடாதுன்னு சொல்லிருக்காரு."

"அப்ப அந்த வெள்ளைச் சட்டையோட அங்கயே கெட. வீட்டுப் பக்கம் வராத."

அன்றே அந்த மூன்று மரங்களிலும் கிளைகளைத் தறித்தார். சனிக்கிழமை அங்கியோடு சில்வர் ஓக்கில் ஏறினார். மஞ்சள் அரிவாளைக் கீழே போட்டார். இடுப்பிலிருந்து சொந்த அரிவாளை உருவினார். மந்திரத்தில் தடியன்குடிசை வருவதற்குள் முதல் கிளை விழுந்தது. தாண்டிக்குடி தாண்டிப் பண்ணைக்காடு வருவதற்குள் புல்லுருவி பிடித்த ஆறு கிளைகளும் விழுந்துவிட்டன. ட்ரூயிட் முறைப்படி புல்லுருவி மண்ணில் படக் கூடாது. கீழே வெள்ளைத் துணி விரித்துப் பிடித்திருந்தவர்கள், ஆள் உயரக் கிளைகளைக் கண்டு துணியை விட்டுவிட்டு ஓடினார்கள். தூரத்தில் நின்று கைதட்டவும் செய்தார்கள்.

ஹரிகிருஷ்ணன் பல்லைக் கடித்தார். "அடுத்த வாரம் எதைண்ணே வெட்டுவீங்க?"

"இல்லாம ஆக்குறதுக்குத்தான மொதலாளி வெட்டுறது?"

வேலையை விட்டு நிறுத்தியிருப்பார். ஆனால் விருந்தினர்கள், இவ்வளவு ஆவேசமான ட்ரூயிட்டை அயர்லாந்திலும் பார்க்க முடியாது என்று எழுதிவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவரும் அயர்லாந்து போனதில்லை.

இப்போது வாரம் ஒரு மூட்டை புல்லுருவி பாச்சலூரிலிருந்து ஜீப்பில் வருகிறது. அதைக் கம்பியால் மரத்தில் கட்டுகிறார்கள். கட்டும் முன் சின்னக்கருப்பன் அங்கியோடு சமையலறைப் பின்பக்கம் குந்தி, ஒரு பழம் விடாமல் கிள்ளி அடுப்பில் போடுகிறார். மூட்டையை உதறிக் காட்டினால்தான் எதிரே நிற்கும் காளியாயி நகர்கிறார்.

விருந்தினர் யாராவது எட்டிப் பார்த்தால், அது கெல்ட் மக்களின் அக்கினி பலி என்று ஹரிகிருஷ்ணன் விளக்குகிறார்.