இறங்கிய உதடு

மனைவி இறந்த பிறகு உப்பளம் பகுதியில் இருந்த வீட்டில் நான் தனியாக இருந்தேன். மகன் பிரான்சில் இருந்தான். மில்லை மூடி வேலையும் போய்விட்டதால், லாஸ்பேட்டையில் ஓவியம் படிக்கும் பிள்ளைகள் பார்த்து வரைவதற்காகத் தினமும் நாற்காலியில் அசையாமல் உட்காரப் போனேன்.

ஒருநாள் காலை, வரைந்துகொண்டிருந்த மாணவி ஒருத்தி எழுந்து அருகில் வந்தாள்.

“ஐயா, வாய் ஒரு பக்கமா எறங்கியிருக்கு. வலிக்குதா?”

“ஒண்ணுமில்லம்மா” என்றேன். பேச்சு குழறியது.

ஆட்டோவில் என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

“எப்பலேர்ந்து இப்படி இருக்கு? வீட்ல யாரும் கவனிக்கலையா?” என்று டாக்டர் கேட்டார்.

காலையில் டீக்கடையிலும் பஸ்ஸிலும் எத்தனையோ பேருக்கு முகம் காட்டித்தான் வந்திருந்தேன்.

மாணவி தன் பையிலிருந்து, முந்தின நாள் என்னை வரைந்த தாளை எடுத்து விரித்துக் காட்டினாள். “நேத்து சாயங்காலம் நல்லாத்தான் இருந்தாரு, சார்.”

முகவாதம்தான், சரியாகிவிடும் என்றார் டாக்டர். ஒரு மாதத்தில் வாய் நேரானது. அதற்குள் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்து விடுமுறை விட்டுவிட்டார்கள். மறுபடி வகுப்பு தொடங்கும்வரை, தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று என் முகத்தை நானே பார்த்துக்கொண்டேன்.