நோன்போடு போட்ட ஊசி

எந்த வேலையானாலும் விசாரிக்காமல் இறங்குகிற பழக்கம் உபைதுக்குக் கிடையாது. குவைத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். உறைந்த கோழிப் பெட்டிகளை ஆளுயரத்துக்கு எத்தனையோ மடங்கு மேலே அடுக்கி, திரும்ப இறக்கும்போது ஒரு பெட்டியின் மூலைகூட நசுங்காது. புதிதாக வருகிறவர்களை அவனுக்குப் பக்கத்தில்தான் நிறுத்திப் பழக்குவார்கள். அப்படிப்பட்டவன் ஊசியையும் விசாரித்துத்தான் போட்டுக்கொண்டான்.

மகள் நஸ்ரியாவின் கல்யாணத்துக்காக 2021 ஜனவரியில் கோட்டக்குப்பம் வந்திருந்தான். மறுவீட்டு விருந்து முடிவதற்குள் குவைத் வெளிநாட்டு ஆட்களுக்குக் கதவைச் சாத்திவிட்டது. "தெறந்த உடனே வந்துடு, உன் இடம் உனக்குத்தான்" என்று கிடங்கின் சூப்பர்வைசர் ஃபோனில் சொன்னார். அவர் திருச்சூர்க்காரர், நல்ல மனிதர். சின்னவள் கல்லூரியில் இருந்தாள். வீட்டின் மாடி பாதியில் நின்றது. எல்லாம் அந்த ஒரு இடத்தை நம்பித்தான்.

ஏப்ரலில் நாற்பத்தைந்து வயது கடந்தவர்களுக்கு ஊசி என்றார்கள். உபைதுக்கு நாற்பத்தேழு. அது நோன்பு மாதம். ஊசி போட்டால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசலில் அறிவித்திருந்தார்கள். ஆனால் காய்ச்சல் வந்தால் மாத்திரை விழுங்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு நோன்பையும் விடாதவனுக்கு அதுதான் கவலை. சுகாதார நிலையத்தில் அன்று இரண்டு வகை ஊசியும் இருந்தன.

"இதுல எதும்மா காய்ச்சல் வராதது?" என்று நர்ஸ் ஷாலினியைக் கேட்டான்.

"கோவிஷீல்டு போட்டா ஒரு நாள் அடிச்சிப் போட்டுடுதுங்க பாய். கோவாக்சின்ல அவ்வளவா இல்ல. ரெண்டும் நல்ல ஊசிதாங்க."

"அப்ப நோன்புக்காரனுக்கு அதையே போட்டுடும்மா."

கை கொஞ்சம் கனத்தது, அவ்வளவுதான். சாயங்காலம் அக்கா சைத்தூன் பீவி கொடுத்தனுப்பிய நோன்புக் கஞ்சியைக் குடித்துவிட்டு, தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னான்: நோன்போடு போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. அவன் சொன்னால் நம்புவார்கள். பெருநாள் கழித்துப் பலர் போய்ப் போட்டுக்கொண்டார்கள்.

மே மாதத்தில் ஊர் முழுக்கப் பூட்டினார்கள். சும்மா உட்கார முடியாமல் இருந்தவனை, பள்ளியில் கூடப் படித்த ராமதாஸ் கூப்பிட்டான். மரக்காணத்தில் அவனுக்கு உப்பளம் உண்டு. மினி லாரி டிரைவர் பயந்துகொண்டு வரவில்லை. உபைது அனுமதிச் சீட்டு எடுத்துக்கொண்டு லாரி ஓட்டப் போனான். வெயில் நன்றாகக் காய்ந்து உப்பு விளைந்து குவிந்திருந்தது. வாங்கத்தான் ஆளில்லை. குவியல்களைக் கீற்று போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

மதியச் சோற்றுக்குக் கொட்டகையில் உட்கார்ந்தால் தினமும் ஒரே பேச்சுதான்.

"தொறந்து விட்டுடணும்பா. எத்தினி நாளு பூட்டி வெப்பாங்க? ஓட்டல் இல்ல, கருவாட்டுக்காரன் வரல. இத்தினி உப்ப வெச்சிக்கினு நான் என்னா பண்றது, ஊறுகா போடவா?" என்றான் ராமதாஸ்.

பாத்தியில் உப்பு வாரும் கொளஞ்சியம்மாள் சோற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தொறப்பீங்க. எங்கண்ணனத் தொறந்து காட்டுனாங்களா? பிளாஸ்டிக்ல சுத்திக் குடுத்தாங்க. எல்லாத்துக்கும் ஊசி போட்ட பொறவு தொறங்க."

"எல்லாத்துக்கும்னு சொல்றியே, நீ போட்டுக்கினியா?"

"எனக்கு பயம். நீங்க போட்டுக்கினீங்களா?"

"எனக்கு சுகர் இருக்குது."

"சுகர்காரங்கதான் மொதல்ல போடணுமாம். டிவில கூவிக்கினே இருக்கான்."

கொட்டகையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உபைது சிரிக்கவில்லை. அவனுக்கு இதில் ஒரு தீர்மானம் இருந்தது. "போட்டவங்கள விட்டுடணும். போடாதவங்க வெளியில நிக்கட்டும். சர்டிபிகேட்ட காட்டுனா கதவத் தெறக்கணும், அதான் நியாயம்" என்று தன் ஃபோனை எடுத்துச் சான்றிதழைக் காட்டினான். கொளஞ்சியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். "இதுல உங்க ஃபோட்டோவக் காணுமே பாய்" என்றாள்.

அடுத்த முகாமுக்கு அளத்து ஆட்களை அவனே லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். அங்கே கோவிஷீல்டுதான் இருந்தது. ராமதாஸ் கடைசியாகப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினான். அதே வாரம் உபைது தன் இரண்டாவது ஊசியையும் போட்டு முடித்தான்.

ஜூனில் தளர்வு வந்தது. அதிலும் ஒரு சண்டை. கோட்டக்குப்பத்துக்குத் தெற்கே நாலு எட்டு வைத்தால் புதுச்சேரி. அங்கே ஒரு தேதியில் திறந்தார்கள், இங்கே வேறு தேதியில். தடுப்புக்கு அந்தப் பக்கம் டீ கொதித்தது, இந்தப் பக்கம் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. கொரோனாவுக்கு எல்லைக்கல் தெரியுமா என்று இளைஞர்கள் கேலி பேசினார்கள். பிறகு இங்கேயும் கடை திறந்தது, பஸ் ஓடியது. போட்டவனா போடாதவனா என்று எங்கேயும் யாரும் கேட்கவில்லை.

கேட்டது குவைத் மட்டும்தான். ஆகஸ்டிலிருந்து வரலாம், இரண்டு ஊசியும் போட்டிருக்க வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. உபைது பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டான். எந்தெந்த ஊசி என்ற பட்டியலை அதற்குப் பிறகுதான் படித்தான். நாலு பெயர்கள். கோவிஷீல்டு அதில் சேர்த்தி. கோவாக்சின் இல்லை. எழுத்துக் கூட்டித் திரும்பவும் படித்தான். இல்லை.

சுகாதார நிலையத்துக்குப் போய் ஷாலினியின் மேசைக்கு முன்னால் நின்றான்.

"அந்த ஊசியையும் ஒண்ணு போட்டு விட்டுடும்மா."

"உங்க பேரப் போட்டாலே ரெண்டும் முடிஞ்சிடுச்சின்னு வருதுங்க பாய்."

"ஆதார் வேணாம், பாஸ்போர்ட் நம்பர வெச்சிப் புதுசா பதிஞ்சிடேன். சில பேர் அப்பிடிப் பண்றாங்களாம்."

"ரெண்டு கோவாக்சினுக்கு மேல இதப் போட்டா ஒடம்புக்கு என்னா ஆவும்னு டாக்டருக்கே தெரியலங்க. கேட்டுட்டேன். உங்களுக்கு ஒண்ணு ஆச்சின்னா உங்க வூட்ல நான் என்னா பதில் சொல்றது?" அவள் குரல் இறங்கியது. "அன்னிக்கு நான்தானுங்களே சொன்னேன்."

"நீ என்னாம்மா பண்ணுவ. நான் காய்ச்சலப் பத்திக் கேட்டேன், நீ காய்ச்சலப் பத்திச் சொன்ன."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். நகர்ந்தான்.

அதன்பிறகு அவன் செய்ததெல்லாம் காத்திருந்ததுதான். ஏஜெண்டுக்கு ஃபோன் செய்தால், அடுத்த வாரம் சேர்த்துவிடுவார்கள் என்றார். தூதரக எண்ணில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. டிவியில் நாலு பேர் உட்கார்ந்து தியேட்டரைத் திறக்கலாமா, பள்ளிக்கூடத்தைத் திறக்கலாமா என்று கத்தினார்கள். அவன் கேட்க வேண்டியதை அவர்களில் ஒருவரும் பேசவில்லை. அவன் பேச்சைக் கேட்டுப் போய்க் கோவிஷீல்டு போட்டுக்கொண்ட பக்கத்துத் தெரு ஷஃபி, அந்தச் சான்றிதழோடு குவைத்துக்கே புறப்பட்டான். அவனை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனதும் உபைதுதான். பெட்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போகிறவனைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினான். "நல்லபடியா ஏறிட்டான்" என்று மட்டும் வீட்டில் சொன்னான்.

செப்டம்பரில் ஒரு பகல் வேளை, மரக்காணத்தில் லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கும்போது சூப்பர்வைசரின் குரல் செய்தி வந்தது. லாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டான். "உபைதே, முடிஞ்ச வரைக்கும் நான் புடிச்சு வெச்சேன். மேல கேக்கல. வேற ஆள வெச்சாச்சு. என்மேல கோவப்படாதே." திரும்ப ஒரு முறை கேட்டான். "பரவால்லண்ணே, நீங்க நல்லா இருக்கணும்" என்று பதில் அனுப்பினான். மனைவியிடமும் அக்காவிடமும் சொன்னான். அக்கா அன்று அவன் வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டு, இருட்டிய பிறகுதான் எழுந்து போனாள். அளத்தில் யாரிடமும் அவன் சொல்லவில்லை. பெட்டி பரணுக்குத் திரும்பப் போகாமல் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. அளமெல்லாம் ஒரே தண்ணீர், பாத்தி வரப்புகூடத் தெரியவில்லை. தீபாவளிக்கு முந்தின நாள், ராமதாஸ் பலகாரப் பெட்டியோடு நனைந்துகொண்டே கோட்டக்குப்பம் வந்தான். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"டேய் உபைது, நியூஸ் பாத்தியா? உலக சுகாதார நிறுவனம் கோவாக்சின ஒத்துக்கிச்சாம். இனிமே எவன்டா உன்ன நிறுத்துவான்?"

"பாத்தேன்" என்றான் உபைது.

"கொளஞ்சியம்மா ஃபோன் பண்ணி, பாய் எப்ப பொறப்படறாருன்னு கேக்குது. என்னடா, மூஞ்சில ஒரு சந்தோஷத்தக் காணும்? இந்தா, லட்டு எடு." பெட்டியைப் பிரித்து நீட்டினான். "எனக்குத்தான் கஷ்டம். நீ போயிட்டா லாரிக்கு ஒரு டிரைவரத் தேடணும்."

உபைது ஒரு லட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

"தேடாதப்பா" என்றான்.