அம்மனிடம் மறைத்த நோய்

எனக்கு நோய் வந்தது மார்பில். இந்த ஒரு வரியை எழுதுவதற்குள் எழுந்து எழுந்து போய் அடுப்பங்கரையில் நின்றுவிட்டு வந்தேன். இப்போதும் முகம் சுடுகிறது. அம்மனை நம்பி வாழும் சகோதரிகளுக்காக எழுதுகிறேன்.

நான் குத்துக்கல்வலசையில் இருக்கிறேன். வீட்டுக்காரர் போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் வைகாசியில் தென்காசியில் பெண்களுக்கு மருத்துவ முகாம் நடந்தது. என் நாத்தனார் சரசு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். மார்பகத்தை அழுத்தி எக்ஸ்ரே மாதிரி ஒரு படம் எடுத்தார்கள். மேமோகிராம் என்றார்கள். எனக்கு உயிரே போய்விட்டது.

படத்தில் கட்டி எதுவும் தெரியவில்லை என்று நர்ஸ் சொன்னாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள். "ஆனா உங்களுக்குச் சதை ரொம்ப அடர்த்தியா இருக்குக்கா. அது சீக்கு இல்ல, நெறைய பேருக்கு இருக்கும். ஆனா கட்டி இருந்தா படத்துல தெரியாம மறைச்சிரும். ஒரு ஸ்கேனும் பாத்திருங்க."

ஸ்கேன் பார்க்கிற டாக்டர் ஆண். அதுவும் வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர். எங்கள் வீட்டுக் கல்யாணப் பந்தியில் நானே அவருக்குப் பரிமாறியிருக்கிறேன். அவர் முன்னால் போய் எப்படிப் படுப்பது? வீட்டில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

ஆனியில் குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்தது. சாரல் விழுந்தால் போதும், எங்கள் வீடு லாட்ஜ் ஆகிவிடும். அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வரும் சொந்தங்களுக்குச் சமைத்துப் போடவே பொழுது சரியாக இருந்தது. அதையே சாக்காக வைத்துக்கொண்டேன். ஆனால் பயம் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. சாப்பாடு இறங்கவில்லை.

டாக்டரிடம் போகாமல் அம்மனிடம் போனேன். ஆடிக் கடைசி வெள்ளி. எந்த உறுப்பில் சீக்கோ, அந்த உறுப்பின் உருவைத் தகட்டில் வாங்கி மாரியம்மனுக்குக் காணிக்கை போடுவோம் அல்லவா? கோவில் வாசல் கடையில் கண், கை, கால், வயிறு என்று தட்டில் பரப்பி வைத்திருந்தார்கள். நான் கேட்க வேண்டியதும் அதில் இருந்தது.

"எது வேணும்க்கா?" என்றார் கடைக்காரர்.

பின்னால் எல்லாம் தெரிந்த முகங்கள். "கை" என்றேன்.

சன்னதியில் பூசாரி அதை வாங்கிப் பார்த்தார். "கைக்கு என்ன செய்யுது தாயி?"

"வலி" என்றேன்.

அம்மன் முன்னாலேயே பொய் சொல்லிவிட்டேன். அவமானத்தில் உடம்பு கூசியது. அவளும் ஒரு பெண்தானே, அவளிடமுமா மறைப்பேன்? அழுதுவிட்டேன். அதுவரை எனக்கு ஒன்றும் இருக்கக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன். அன்று வேறு ஒன்று கேட்டேன். தாயே, இந்தக் கூச்சத்தை மட்டும் என்னிடமிருந்து எடுத்துவிடு.

வெளியே வந்தேன். வீட்டுக்காரர் செருப்புகளுக்குக் காவலாக நின்றுகொண்டிருந்தார். என் வாய் தானாகத் திறந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஏங்க, எனக்கு மார்புல ஸ்கேன் பாக்கச் சொன்னாவ. முகாமுக்குப் போன அன்னைக்கே சொன்னாவ. நாந்தான் ஒளிச்சிட்டேன்."

திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் செருப்பை எடுத்து முன்னால் வைத்தார்.

"கோட்டிக்காரி, எங்கிட்ட என்னட்டி வெக்கம்? வண்டில ஏறு" என்றார்.

அன்றைக்கே ஸ்கேன் எடுத்தோம். அதே டாக்டர்தான். பக்கத்தில் ஒரு நர்ஸ் நின்றாள். அவர் திரையைத்தான் பார்த்தாரே தவிர என்னைப் பார்க்கவில்லை. இதற்குத்தானா இத்தனை நாள் ஒளிந்தேன் என்று அது வேறு வெட்கமாக இருந்தது. "அந்தப் படத்துல இந்தச் சதையும் வெள்ளையாத் தெரியும், கட்டியும் வெள்ளையாத் தெரியும்மா. அதான் மறைஞ்சிருக்கு. சின்னதுதான்" என்றார்.

ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான். ஆரம்ப நிலை. திருநெல்வேலியில் ஆபரேஷன் செய்து கட்டியை மட்டும் எடுத்தார்கள். பிறகு கதிர்வீச்சு கொடுத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறேன், ஒழுங்காகப் பரிசோதனைக்குப் போகிறேன்.

அம்மன் என் கட்டியைக் கரைக்கவில்லை. என் வாயைத் திறந்துவிட்டாள். நான் கேட்டதும் அதைத்தான். அந்த நன்றியை எப்படிச் சொல்வேன்?

போன வெள்ளி விளக்குப் பூஜை முடிந்ததும் இதை எல்லோர் முன்னாலும் சொன்னேன். எல்லோரும் விளக்கை எடுத்துவைக்கக் குனிந்துகொண்டார்கள். சொல்லியிருக்க வேண்டாமோ என்று கூனிக்குறுகிப் போனேன். கிளம்பும்போது ஒரு தங்கச்சி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, எனக்கும் அடர்த்தின்னுதான் சொன்னாவ. நான் இன்னும் ஸ்கேனுக்குப் போவல" என்றாள்.

வருகிற திங்கட்கிழமை காலையில் நானும் அவளும் ஸ்கேனுக்குப் போகிறோம். ஆட்டோவில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது.