பொத்தான் சுவரில் நடந்த திருட்டு

முதலில் காணாமல் போனது ஒரு பச்சைக் கண்ணாடிப் பொத்தான். வீட்டின் மூத்த மகளான பெரியவளைத் தவிர வேறு யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் ஒரு மரப்பொத்தான், அதற்கப்புறம் பூப் போல விரிந்த ஒரு வெள்ளைப் பொத்தான் என்று ஒவ்வொன்றாகக் கழன்று போகத் தொடங்கியதும் வீட்டில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்போதும் அவர்கள் பார்த்தது சுவரை இல்லை, அவளைத்தான்.

அது கைவேலைச் சாமான்கள் விற்கும் கடை. ஊசி, லேஸ், மணி, கம்பளி நூல், எம்பிராய்டரி வளையம் எல்லாம் கிடைக்கும். கல்லாவில் அப்பா, கம்பளி நூல் பக்கம் சித்தி, பொத்தான் பக்கம் அம்மா. சரக்கு எடுத்து வருவதும், போனில் பேசுவதும், பேசுகிற சாக்கில் வெளியே நிற்பதும் தம்பி. அம்மாவுக்குப் பின்னால் தரையிலிருந்து கூரை வரை சின்னச் சின்ன மர இழுப்பறைகள். எதிலும் எழுத்து கிடையாது. உள்ளே என்ன பொத்தானோ அதில் ஒன்றை முகப்பில் நூலால் கட்டியிருப்பார்கள். வருகிறவர்கள் விரலை நீட்டி "அது" என்றால் போதும். முகப்புப் பொத்தான் போய்விட்டால் அந்த இழுப்பறையில் என்ன இருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது.

பெரியவள் அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். தாவரவியல். படித்து முடித்து, போட்ட விண்ணப்பங்களுக்கெல்லாம் பதில் வரும் என்று காத்திருந்து, "வேலை கிடைக்கிற வரைக்கும்" என்று சொல்லிக்கொண்டு கடைக்குள் வந்தாள். அந்த "வரைக்கும்" நீண்டுகொண்டே போனது. பட்டம் வாங்கிய புதிதில் அப்பா அவளை வருகிறவர்களிடமெல்லாம் "எங்க வீட்டு டிகிரி" என்று காட்டினார். இப்போது அதுவே அவளுடைய பெயராகிவிட்டது. "டிகிரி, அந்த ஏணியைக் கொண்டா" என்பான் தம்பி.

கடையில் அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். சட்டையைக் கொண்டுவந்து காட்டிப் பொத்தான் வாங்குகிறவர்கள் பாதிப் பேர் அதைத் தைக்காமலே போனார்கள். தைக்கத் தெரியாது, அல்லது நேரமில்லை. இந்தச் சில்லறை வேலையை எந்தத் தையல்காரரும் தொடுவதில்லை. கடையின் பின்னறையில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால் பொத்தான், ஜிப், பிரிந்த தையல் எல்லாவற்றையும் அங்கேயே சரிசெய்து கொடுக்கலாம். வேலை கிடைக்காததால் வந்த யோசனையா, உண்மையிலேயே பிடித்துத்தான் கேட்கிறாளா என்று அவளுக்கே சில நாள் சந்தேகம் வரும். ஆனாலும் அந்த அறையை நினைத்தால் காலையில் எழுந்திருக்கத் தோன்றியது. சமீபத்தில் வேறெதற்கும் அப்படித் தோன்றவில்லை.

அம்மாவிடம் கேட்டாள், அவள் உடனே சரி என்றாள். அப்பாவிடம் கேட்டாள். அவர் உடனே பிடி கொடுக்கவில்லை.

"உங்க மாமாவும் அந்த ரூமைக் கேக்குறான். பரிசுக் காகிதம் அடுக்கி வெக்கணுமாம். நீ முதல்ல அந்தச் சுவரை ஒழுங்கு பண்ணு பார்ப்போம். பேண்டு செட்டுக்குச் சீருடை தைக்கிற மாஸ்டர் வரப் போறார். அவர் வேலை ஒரு குறையும் இல்லாம முடிஞ்சா ரூம் உனக்கு. இல்லன்னா மாமாவுக்கு."

அவள் சுவரை முழுதாகக் கலைத்து, நிறம் வாரியாகவும், அதற்குள் அளவு வாரியாகவும் அடுக்கினாள். மூன்று ஆண்டுகள் இலைகளை வகை பிரித்த கைக்கு இது பழக்கமான வேலைதான். அடுக்கி முடித்த கையோடு பொத்தான்கள் காணாமல் போக ஆரம்பித்தன.

வெறுப்பேற்றியது என்னவென்றால், முகப்பு போன இழுப்பறையைத் திறந்தால் உள்ளே கதம்பமாகக் கிடந்தது. பச்சை இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பும் நீலமும் கறுப்பும்.

"இதுதான் வகை பிரிச்ச லட்சணமா?" என்றார் அப்பா.

"நான் இப்படிப் போடலப்பா! சத்தியமா போடல."

"பின்ன, பொத்தானுக்குக் கால் முளைச்சுதா?"

"அக்கா தூக்கத்துல நடக்குறாப்பா. எழுந்து வந்து கலைச்சுட்டுப் போயிடுறா" என்றான் தம்பி.

"நீ முழிச்சிருக்கும்போதே நடக்க மாட்ட. வாயை மூடு" என்றாள் பெரியவள்.

சித்தி எலி என்றாள். பெரியவள் அறுந்த நூலை இழுத்து வந்து அவள் மூக்குக்கு நேரே காட்டினாள். நுனி பிசிறில்லாமல் இருந்தது. கத்தரியால் வெட்டிய வெட்டு. "எந்த எலி சித்தி கத்தரிக்கோல் வெச்சிருக்கு?"

ஆனால் அந்தக் கடையில் கத்தரிக்கோல் இல்லாத கை ஏது? யோசித்து யோசித்து அவளுக்கு மண்டை காய்ந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்ததில் ஒன்று மாட்டியது. சித்தி ஓய்வு நேரத்தில் கம்பளி நூலில் பொம்மை பின்னி விற்பாள். அந்தப் பொம்மைகளுக்குக் கண் எல்லாம் பொத்தான்! சித்தி தனியாக இருக்கும் சமயம் பார்த்துப் பெரியவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"சித்தி, உன் பொம்மைக்குக் கண்ணெல்லாம் எங்கேயிருந்து எடுக்குற?"

சித்தி பின்னுவதை நிறுத்தவில்லை. "ஓ, போலீசம்மா என்கிட்ட வந்தாச்சா?"

"கேக்கத்தானே செஞ்சேன்."

"ஏன்டி, சுவத்துல இருந்து போறது ஒவ்வொரு தினுசுல ஒவ்வொண்ணு. என் பொம்மைக்கு ரெண்டு கண்ணு வேணும். பச்சை ஒண்ணு, வெள்ளை ஒண்ணுன்னு வெச்சா புள்ளைங்க அலறியடிச்சு ஓடாது? ஒத்தைப் பொத்தானை வெச்சுக்கிட்டு நான் என்னத்தைக் கிழிக்க?" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். ஆனால் அன்று மாலை வரை பெரியவளோடு பேசவில்லை.

திட்டு வாங்கியதில் ஒரு பலன் இருந்தது. ஒற்றைப் பொத்தானால் யாருக்கு உபயோகம்? சட்டையில் ஒன்று அறுந்து போனவர்களுக்கு. அதாவது, கடைக்கு வாங்க வருகிறவர்களுக்கு! பெரியவள் முகப்பு போன இழுப்பறைகளை எல்லாம் கீழே இறக்கி ஒவ்வொன்றாகத் தட்டில் கொட்டினாள். பச்சைக் கண்ணாடி இழுப்பறையில் எல்லா நிறமும் இருந்தது, பச்சைக் கண்ணாடி மட்டும் ஒன்றுகூட இல்லை. மர இழுப்பறையில் மரம் இல்லை. சரக்கு தீர்ந்து, கடைசியாக முகப்பில் இருந்ததும் விற்றுப் போயிருக்கிறது. காலி தெரியாமல் இருக்க மிச்சம் மீதியை அள்ளி உள்ளே போட்டிருக்கிறார்கள்.

பொத்தான் பக்கம் நின்று விற்பது யார் என்று கேட்கவே வேண்டியதில்லை. அவளுக்குக் கோபத்தில் காது சூடானது.

மறுநாள் அவள் லேஸ் உருளைகளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். குழந்தையின் ஸ்வெட்டரில் ஆரஞ்சு நிறப் பொத்தான் ஒன்று போயிருந்தது. அம்மா இழுப்பறையைத் திறந்தாள். காலி. மூடினாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"இருக்கும்மா, இரு, இதோ" என்றாள். உடம்பால் மறைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். கிரிச் என்று ஒரு சின்னச் சத்தம். திரும்பியபோது உள்ளங்கையில் ஆரஞ்சுப் பொத்தான்.

அந்தப் பெண் படியிறங்கும் வரை பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா!"

அம்மா திடுக்கிட்டாள். அப்புறம் இழுப்பறையைத் துடைக்க ஆரம்பித்தாள். "குழந்தையைத் தூக்கிட்டு அவ்வளவு தூரம் வந்திருக்காடி. எப்படி இல்லன்னு அனுப்புறது?"

"தீர்ந்துபோச்சும்மா, வரும்போது சொல்றோம்னு சொல்லணும். உலகத்துல எல்லாக் கடையிலயும் அப்படித்தான் சொல்றாங்க. எத்தனை நாளா அப்பா என்னைக் காய்ச்சி எடுக்குறார்? நீ பக்கத்துலயே நின்னு கேட்டுட்டுத்தானே இருந்த?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். நீங்க ரெண்டு பேரும் கத்திட்டு இருந்தீங்க."

அம்மா அப்படித்தான். யார் எதைக் கேட்டாலும் அவள் தலை மேலும் கீழும்தான் ஆடும், பக்கவாட்டில் ஆடாது. பக்கத்து வீட்டுக்காரி இரவல் கேட்ட தையல் மெஷின் இன்னும் அங்கேதான் இருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு வீட்டு விசேஷத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அந்த நாளில் உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொள்வாள். ஊரில் அவளைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல ஆளே கிடையாது. கூட இருக்கிறவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

"அப்பாகிட்ட நீயே சொல்லிடு. மாஸ்டர் வர்றதுக்குள்ள" என்றாள் பெரியவள்.

"சொல்றேன், சொல்றேன்" என்றாள் அம்மா. அந்தத் தலையாட்டலைப் பார்த்ததுமே பெரியவளுக்கு நம்பிக்கை போய்விட்டது.

மாஸ்டர் சாயங்காலம் வந்தார். கழுத்தில் அளவு நாடா, கையில் சிவப்புச் சீருடை மூட்டை. அவருக்கான பித்தளைப் பொத்தான்களைப் பெரியவள் முன்பே எண்ணி, பையில் கட்டி, தனியாக வைத்திருந்தாள். அவர் பையைப் பிரித்துக் கல்லா மேசை மேல் ஒரு சீருடைக் கோட்டுக்கு இத்தனை என்று பிரித்துப் பரப்பிக்கொண்டே வந்தார். கடைசிக் கோட்டுக்கு வந்ததும் அவர் கை நின்றது.

"ரெண்டு குறையுதே?"

அப்பா பெரியவளைப் பார்த்தார். பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா லேஸ் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் ரெண்டு தடவை எண்ணினேன்" என்றாள் பெரியவள்.

"இருக்குங்க மாஸ்டர், வந்துடும். நாளைக்குக் காலையில வாங்களேன்" என்றாள் அம்மா, லேஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நாளைக்குக் காலையில அவனுங்க போட்டுக்கிட்டு ஊர்வலம் போறானுங்கம்மா!"

"எங்கேயிருந்தும்மா வரும்?" பெரியவள் காலிப் பையைத் தூக்கிக் காட்டினாள். "சொல்லேன். ரெண்டையும் யாருக்குக் கொடுத்த?"

கம்பளி நூல் பக்கம் சித்தியின் ஊசி நின்றது.

"பாவம், ஒரு பெரியவர் வந்தார். மழைக்கோட்டுக்கு..." என்று அம்மா இழுத்தாள்.

"சுவத்துல போனதும் இப்படித்தான்பா. எல்லாம் அம்மாதான்."

சொன்ன பிறகு பெரியவளுக்கு ஜெயித்த மாதிரி இல்லை. இத்தனை பேர் நடுவில் அம்மாவை நிறுத்தி வைத்தது போல இருந்தது. அதற்காகச் சொல்லாமல் விழுங்கியிருக்க வேண்டுமா? அதுவும் முடியாது. எப்படிப் பார்த்தாலும் தானே மாட்டிக்கொள்கிற மாதிரி இதை யார் அமைத்தார்கள் என்று எரிச்சலாக வந்தது.

அப்பா நெற்றியைத் தேய்த்தார். மாஸ்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். "போன தடவை எனக்கு ஒரு கொக்கி குறைஞ்சப்ப உங்க அம்மா எங்கேயிருந்தோ கொண்டாந்து கொடுத்தாங்க. அது எவன் பையில இருந்து வந்துச்சோ!" என்று சொல்லிவிட்டு அவர் சிரிக்கவும் தம்பியும் சிரித்துத் தொலைத்தான்.

"மாஸ்டர், இடுப்புல பட்டை கட்டுவாங்கல்ல?" பெரியவள் ஒரு சீருடைக் கோட்டை இழுத்துப் பார்த்தாள். "பட்டைக்கு அடியில வர்ற பொத்தான் வெளியில தெரியாது. ரெண்டு கோட்டுல அந்த இடத்துல சாதாரணப் பித்தளை வெச்சுத் தைச்சுடலாம். மிச்சப்படுறது கடைசிக் கோட்டுக்கு ஆகும். இப்பவே தைச்சுத் தர்றேன்."

மாஸ்டர் யோசித்தார். "தைச்சுடு. புதுச் சரக்கு வந்ததும் மாத்திக் கொடுத்துடணும்."

அவள் பின்னறையில் தரையில் உட்கார்ந்து தைத்து முடித்தாள். மாஸ்டர் தையலை இழுத்துப் பார்த்து, மடித்து எடுத்துக்கொண்டு போனார். அவள் அப்பா முன்னால் வந்து நின்றாள்.

"ஒரு குறையும் இல்லாமன்னு சொன்னேன்" என்றார் அப்பா.

"குறை நான் வெச்சதாப்பா?"

"நீ வெச்சதுன்னு சொன்னேனா?" அவர் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். "சரி, ரூமை எடுத்துக்க."

அவள் மூச்சு விடுவதற்குள் வாசலில் வண்டி நின்றது. மாமா. இரண்டு கையாலும் அட்டைப்பெட்டிகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"அக்கா, எந்தப் பக்கம் இறக்கட்டும்? வண்டியில இன்னும் இருக்கு."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

"போன வாரம் கேட்டான்" என்றாள் அம்மா மெதுவாக. "கூடப் பொறந்தவன், எப்படி..."

"அவ கேட்டப்பவும் சரின்னு சொன்னியே?" என்றார் அப்பா.

"அவளுக்கும் சொன்னேன். என் பொண்ணாச்சே."

அப்பா மாமாவைத் திருப்பி அனுப்பவில்லை. அம்மா கொடுத்த வாக்கு தன் வாக்கு என்று இத்தனை காலம் குடும்பம் நடத்தியவர் அவர். "பாதிப் பாதி" என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பினார். மாமா ஒன்றும் புரியாமல் பெட்டிகளைக் கொண்டுவந்து கூரை வரை அடுக்கினார். ஜன்னல் பக்கத்தைப் பெரியவள் விட்டுக்கொடுக்கவில்லை. அங்கிருந்த பெட்டிகளைத் தோள் கொடுத்து உள்பக்கம் தள்ளினாள். மேசையைப் போட்டால் முழங்கால் பெட்டியில் இடித்தது.

அம்மா ஒரு மூட்டையோடு வந்து நின்றாள். உள்ளே சட்டைகள், ஒரு பள்ளிப் பை, ஜிப் போன இரண்டு மூன்று ஜாக்கெட்.

"இதென்ன?"

"என் பொண்ணு தைச்சுக் கொடுப்பான்னு சொல்லியிருந்தேன். நாளைக்கு வருவாங்க."

"எப்போ சொன்ன? ரூமே இப்பதானே கிடைச்சுது!"

அம்மா பெட்டியின் ஓரத்தில் கை வைத்துத் தள்ளத் தொடங்கினாள். அது கொஞ்சம் நகர்ந்தது, முழங்காலுக்கு இடம் கிடைத்தது.

"எல்லாமே நாளைக்கா? அந்த மழைக்கோட்டுப் பெரியவரும் வராரா?"

"அவர் நாளன்னைக்கு" என்றாள் அம்மா.

பெரியவள் மூட்டையைப் பிரித்து, ஜிப்புகளை ஒரு பக்கமும் பொத்தான்களை ஒரு பக்கமுமாகப் பிரிக்கத் தொடங்கினாள்.