இரண்டு சைக்கிளுக்கு ஒரு கொட்டகை

எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவருபவளை எல்லோரும் மணிக்காரி என்பார்கள். முனை திரும்பும்போதே சைக்கிள் மணியை மூன்று முறை அடிப்பாள். எனக்கு அடுத்த வீடு. தபால் நிலையத்தில் முப்பத்தொரு ஆண்டு பதிவுத்தபால் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற நான் அவளுக்கு அண்ணன் முறை.

அவள் கணவன் வெல்டர். நான்கு ஆண்டுகளுக்கு முன் தொலைவிலுள்ள துறைமுக நகரத்துக்கு வேலைக்குப் போனவன். அவன் சைக்கிளை ஒற்றை அறைக்குள் கட்டிலை ஒட்டி நிறுத்தியிருந்தாள்; ஞாயிறுதோறும் அதற்குக் காற்றடிப்பாள். தன்னுடையது வெளியே மழையில் நிற்கும். மார்ச் 11 அன்று அதன் சீட்டை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று முழுவதும் நின்றுகொண்டே மிதித்துத் தபால் கொடுத்தாள்.

"ரெண்டையும் பூட்டி வைக்க வாசல்ல ஏதாவது வேணும் அண்ணே. நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

பார்த்தேன். தார்ப்பாய் உறை என்றால் திருடனுக்கு ஒரு பிளேடு போதும். மரக் கொட்டகையைக் கரையான் விடாது. தகரக் கொட்டகையைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கலாம். பூட்டும் கதவுக்குள்ளேயே பதிந்திருக்கும், வெட்ட முடியாது.

"ஒரு சைக்கிள் அளவே போதுமேம்மா?"

"அவரோடதை எங்க வைக்கிறது, உங்க தலையிலயா?"

"எட்டு மாசமா லெட்டரும் இல்ல, போனும் இல்ல…"

"வேலை மும்முரம் அண்ணே. அந்த மனுஷன் பேனாவைக் கண்டாலே பாம்பைக் கண்ட மாதிரி ஓடுவாரு" என்று சிரித்தாள்.

அவன் ஹேண்டில் 64 சென்டிமீட்டர், அவளுடையது 56. ஒன்றைத் தலைமாற்றி நிறுத்தினால் இரண்டும் உரசாது என்று வரைந்து கொடுத்தேன்.

ஏப்ரல் 17 அன்று கொட்டகை நின்றது. சாவி இரண்டு. ஒன்றைக் கணவனுக்குப் பதிவுத்தபாலில் அனுப்பினாள். "என்னிக்கு வந்தாலும் அவரே திறந்து எடுத்துக்கட்டும்."

மே 6, செவ்வாய். மணிச்சத்தமே இல்லாமல் என் வாசலில் வந்து நின்றாள். அன்றைய தபால் கட்டுக்குள் அவள் சாவி அனுப்பிய கவரே திரும்பி வந்திருந்தது. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரே என்றால் சாட்சிக் கையெழுத்து வேண்டும். அது எங்கள் அலுவலக வழக்கம்.

கவரின் பின்பக்கம் அந்த ஊர்த் தபால்காரர் நீல மையில் காரணம் எழுதியிருந்தார்: "மனைவி, குழந்தையுடன் வேறிடம் போய்விட்டார். புது முகவரி தெரியவில்லை."

"தப்பா எழுதியிருப்பாங்களா அண்ணே?"

"எப்பவாவது நடக்கும்."

"உங்க சர்வீஸ்ல எத்தனை தடவை? நீங்கதான் எல்லாத்தையும் குறிச்சு வைக்கிற ஆளாச்சே."

"ரெண்டு."

இரண்டிலும் வீட்டு எண் தவறாக இருந்தது. இந்தக் கவரில் எண் சரி. அதை அவளிடம் சொல்லவில்லை. அவளே எண்ணை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

கொடுத்தவர் இடத்தில் ஒரு கையெழுத்துப் போட்டாள், பெற்றவர் இடத்தில் ஒன்று. கீழே நான் போட்டேன். மணி 10.40.

"இன்னும் பதினாறு வீடு இருக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளினாள்.

மே 11, ஞாயிறு. பம்பை எடுத்துக்கொண்டு கொட்டகையைத் திறந்தாள். சாவிகள் இரண்டும் ஒரே வளையத்தில் இருந்தன. தன் சைக்கிளுக்கு மட்டும் காற்றடித்தாள். பிறகு பம்பை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டினாள்.